ஆங்கிலத்தில் ‘முடியவே முடியாது’ சொல்லும்போது

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்கிறார். ‘ஓவர் மை டெட் பாடி’ என்று பதில் போகிறது. இலக்கணம் சரிதான், ஆனால் அந்தத் தொடருக்கு அங்கே வேலையில்லை. ‘என் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும்’ என்பது அடுத்தவர் செய்யப்போவதைத் தடுக்கிற பேச்சு. ஊர் வீட்டை விற்கப்போகிறேன் என்று கிளம்பும் தம்பியிடம் அண்ணன் சொல்லலாம். ‘நான் மாட்டவே மாட்டேன்’ என்பதற்கு ‘நாட் ஆன் யுவர் லைஃப்’ இருக்கிறது. அதையும் மேலாளரிடம் சொல்லக் கூடாது என்பது வேறு விஷயம்.

இவை இரண்டிலும் சேராத ஒரு வகை, ‘அது நடக்கவே நடக்காது’ என்பது. அவன் கடனைத் திருப்பித் தருவானா என்று கேட்டால் ‘ஃபேட் சான்ஸ்!’ என்பார்கள். நம் ஊர் ‘ஆமா, கிழிச்சான்!’ அதே தொனிதான். ‘ஸ்லிம் சான்ஸ்’ என்றாலும் வாய்ப்பு குறைவு என்றே பொருள். ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, பொருள் மட்டும் ஏறக்குறைய ஒன்று! ஒல்லியானது நேர்ப்பேச்சு, குண்டானது நக்கல். ‘பன்றிகள் பறக்கும்போது பார்க்கலாம்’ என்கிற ‘வென் பிக்ஸ் ஃப்ளை’யும் நக்கல் கூட்டம்தான்.

‘அன்டில் ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்’ கொஞ்சம் கனமானது. 1962 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில், கியூபாவில் வைத்த சோவியத் ஏவுகணைகள் பற்றி சோவியத் தூதர் சோரின் பதில் சொல்லாமல் நழுவியபோது, நரகம் உறைந்துபோகும்வரை காத்திருக்கத் தயார் என்றார் அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்சன். உலகமே பார்த்துக்கொண்டிருந்த சபையில் எடுபட்டது என்பதற்காக அலுவலக மின்னஞ்சலில் எடுபடாது.

அதிகம் சறுக்குவது ‘நோ வே’யில்தான். குரலை இறக்கி வெட்டிச் சொன்னால் மறுப்பு. ‘வே’யை இழுத்து உயர்த்தினால் ‘அட, நிஜமாவா?’ என்கிற வியப்பு. நம் ‘சான்ஸே இல்ல’வும் இப்படி இரட்டை வேலை பார்க்கிறது: மறுக்கவும் செய்யும், பாட்டைக் கேட்டுச் சொக்கவும் செய்யும். அந்தப் பழக்கத்தில், அருமையாகப் பாடியவரிடம் ‘நோ சான்ஸ்’ என்றால் அவர் முகம் சுருங்கிவிடும். ஆங்கிலத்தில் அதற்குப் பாராட்டுப் பொருள் கிடையாது. ‘நோ வே’யை வாக்கியத்தின் தலையில் வைத்து முறையாக எழுதினால் துணைவினை எழுவாய்க்கு முன்னே வரவேண்டும்: ‘நோ வே ஆம் ஐ சைனிங் திஸ்’.

‘எனக்கு வேண்டவே வேண்டாம்’ என்கிற ‘ஹார்ட் பாஸ்’ அழைப்புக்கும் சலுகைக்கும் மட்டும், அதுவும் நண்பர்களுக்குள். ‘என்னால் முடியாது’ என்கிற ‘நோ கேன் டூ’ சீனர்கள் பேசிய கலப்பு ஆங்கிலத்தின் சாயலில் வந்தது. கேலியாகப் படலாம் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

மேலாளருக்கு? ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் கம் இன் ஆன் சண்டே’. இந்த ‘அஃப்ரெய்ட்’ பயம் இல்லை, நம் ‘தப்பா எடுத்துக்காதீங்க’ மாதிரி. கூடவே ‘ஐ கேன் டூ சாட்டர்டே மார்னிங்’ என்று ஒரு மாற்று வழியையும் சேர்த்தால் பதில் முடிந்தது.