அஃப்ளாடாக்சின்: பூத்த கடலையின் நஞ்சு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் கொப்பரை காயவைப்பது பெரும்பாடு. ஈரக் காற்றில் பருப்பின் மேல் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி படரும். 'பூத்துப்போச்சு' என்பார்கள். கடலைச் சாக்குக்கும் இதே கதிதான். துடைத்தால் பூத்தது போய்விடும். அது உள்ளே இறக்கிய நஞ்சு போகாது. வறுத்தாலும் முழுசாகப் போகாது.

அந்த நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். ஒட்டுப்போட்ட சொல் இது: பூத்த பூஞ்சையின் அறிவியல் பெயர் அஸ்பெர்ஜிலஸ் ஃப்ளேவஸ்; அதில் அஸ்பெர்ஜிலஸிலிருந்து 'அ', ஃப்ளேவஸிலிருந்து 'ஃப்ளா', அப்புறம் நஞ்சு என்னும் டாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் காரணம் தெரிந்த பிறகு பிறந்த பெயர்.

அஸ்பெர்ஜிலஸ் என்ற பெயர் இன்னும் பழசு. பாம்பன், தங்கச்சிமடம் தேவாலயங்களில் தீர்த்தம் தெளிப்பார்களே, அந்தக் குமிழ்த்தலைக் கருவியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. 1729-இல் இந்தப் பூஞ்சையைப் பார்த்து அப்படிப் பெயர் வைத்த மிக்கேலி ஒரு பாதிரியார். வேறு எது நினைவுக்கு வரும்! ஃப்ளேவஸ் என்றால் மஞ்சள். டாக்சினின் வேர் கிரேக்கத்தில் வில். அம்பில் தடவிய நஞ்சு அது.

அஃப்ளாடாக்சினின் வகைகளுக்குப் பி, ஜி என்று எழுத்து வந்தது புற ஊதா விளக்கால். அதன் கீழ் நீலமாக ஒளிர்ந்தது பி, பச்சையாக ஒளிர்ந்தது ஜி. அந்த நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகள். இப்போது புற ஊதாக் கதிரைக் கொண்டே நஞ்சை முறிக்கவும் பார்க்கிறார்கள். 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர் பட்டால் மூலக்கூறு சிதைகிறது. ஆனால் பட்ட இடத்தில் மட்டும்தான். பருப்பின் பிளவுக்குள்ளோ குவியலின் அடிக்கோ போகாது, புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு மீறினால் கடலை சிக்கு வாடை அடிக்கும். ஆகவே கதிர் நஞ்சை 'ஒழிக்கும்' என்று எழுதாமல் 'குறைக்கும்' என்று எழுதுவதே சரி. 'அல்ட்ரா' என்பதற்குப் 'புற' கச்சிதம். அல்ட்ரா வயலட் என்று இழுக்க வேண்டியதில்லை.

சரி, அஃப்ளாடாக்சினுக்குத் தமிழ்? 'பூஞ்சை நஞ்சு' என்று பலர் எழுதுகிறார்கள். அது மைக்கோடாக்சின் என்னும் முழுக் குடும்பத்துக்குமான பெயர். இது அதில் ஒன்று. என் ஓட்டு 'அஃப்ளா நஞ்சு'க்கு. 'கடலை நஞ்சு' மட்டும் வேண்டாம். சரியாகக் காயாவிட்டால், நம் முண்டு மிளகாய்ச் சாக்கிலும் இதே பூஞ்சை ஏறும்.