சட்டமில்லாத முதுகுப்பையும் தோள் நரம்புகளும்: நெடுநடைக்குப் புறப்படுவோர் கவனத்திற்கு

நெடுந்தூர நடைப்பயணம் போய்விட்டு, தோள்வலியோடும் மரத்துப்போன விரல்களோடும் இயன்முறை சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் சுமந்த பையைப் பற்றித்தான். அண்மைக் காலமாக இதற்கு ஒரே மாதிரியான பதில் அடிக்கடி வருகிறது: பை மிகவும் லேசானது, அரைக் கிலோகூடத் தேறாது என்கிறார்கள். பையின் எடை உண்மையில் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பைக்குள் எத்தனை கிலோ இருந்தது, அந்த எடை உடம்பில் எங்கே இறங்கியது என்ற இரண்டையும் பெரும்பாலோர் எண்ணிப் பார்த்திருப்பதில்லை. உள்சட்டம் இல்லாத அல்ட்ராலைட், அதாவது மிக லேசான, பை நல்ல கருவி. அதற்கு எதிராக நான் எழுதவில்லை. எந்தச் சுமைக்கு அது ஏற்றது என்று தெரியாமல் வாங்குகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

வழக்கமான மலையேற்றப் பையில் அலுமினியக் கம்பிகளோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ முதுகுப் பக்கத்தில் நெடுக ஓடும்; இதைத்தான் சட்டம் என்கிறோம். அதன் கீழ்முனை இடுப்புப் பட்டையோடு இணைந்திருப்பதால், சுமையின் கணிசமான பகுதி இடுப்பெலும்புக்கு இறங்கிவிடுகிறது. இடுப்பெலும்பும் தொடைத் தசைகளும் எடை தாங்குவதற்கென்றே அமைந்தவை. தோள்பட்டை கையைப் பல திசைகளிலும் அசைப்பதற்காக அமைந்தது. சட்டத்தை நீக்கியவுடன் பை முந்நூறு முதல் அறுநூறு கிராமுக்குள் அடங்கிவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் சட்டம் செய்துவந்த வேலை மறைந்துவிடுவதில்லை. பைக்குள் நீங்கள் அடுக்கும் பொருள்களின் இறுக்கம் அதில் ஒரு பங்கை ஏற்கிறது. மீதியை உங்கள் தோள்கள் ஏற்கின்றன. எடை கூடக் கூட, துணியால் மட்டுமே ஆன பை தோளுக்கும் இடுப்புக்கும் இடையே மடங்கிச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கிய பிறகு இடுப்புப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பயன் குறைவு. நடைமுறையில் இந்த எல்லை ஏறத்தாழ ஒன்பது கிலோவில் தெரியத் தொடங்குகிறது. பதினொரு கிலோவைத் தாண்டினால் நன்றாக அடுக்கப்பட்ட பைகூடத் தோளில்தான் தொங்கும்.

நெடுநடைக்காரர்கள் உணவு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் ஆகியவை நீங்கலாக மற்ற எல்லாவற்றின் எடையையும் அடிப்படை எடை என்று கணக்கிடுகிறார்கள். அது ஏறத்தாழ நாலரைக் கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட் என்பது பொதுவான வரையறை. இந்த எண்ணை எட்டியவுடன் சட்டமில்லாத பைக்குத் தகுதி வந்துவிட்டதாகக் கருதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உடம்பு சுமப்பது அடிப்படை எடையை அன்று, மொத்த எடையை. நாளொன்றுக்கு எண்ணூறு கிராம் உணவு என்று வைத்துக்கொண்டால், மூன்று நாளுக்கு 2.4 கிலோ; அதோடு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் சிறிது எரிபொருளும் சேர்ந்தால் மொத்தம் எட்டரை, ஒன்பது கிலோவில் நிற்கும். இதே ஆள் ஐந்து நாள் உணவும் மூன்று லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புறப்பட்டால் பன்னிரண்டு கிலோவை நெருங்கிவிடுவார். அடிப்படை எடையில் ஒரு கிராம்கூட மாறவில்லை; பை மட்டும் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே உங்கள் பாதையில் உணவு வாங்கும் இடங்களுக்கு இடையிலான மிக நீண்ட இடைவெளி எது, தண்ணீர் கிடைக்காத மிக நீண்ட பகுதி எது என்று பார்த்து, சுமை மிக அதிகமாக இருக்கும் நாளின் எடையைக் கணக்கிட்டே பையை முடிவு செய்ய வேண்டும். சராசரி நாளை வைத்துத் தேர்ந்தெடுத்த பை, அந்த ஒரு நாளில்தான் நரம்பை அழுத்துகிறது.

அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 4,265 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில், தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட பகுதிகளில் நான்கைந்து லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் சுமக்க வேண்டிய இடங்கள் உண்டு. அதைக் கடந்து சியரா நெவாடா மலைத்தொடருக்குள் நுழைந்தால், கரடிகள் உணவை எடுக்காதபடி கெட்டியான உருளைக் கலத்தில் பூட்டி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது பல பகுதிகளில் விதி. அந்தக் கலம் காலியாக இருக்கும்போதே ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும், வளைந்து கொடுக்காது, சட்டமில்லாத பைக்குள் வைத்தால் அதன் வளைவு நேராக முதுகெலும்பில் வந்து அழுத்தும். அதே பாதையின் வேறு பகுதிகளில் இதே பை மிகவும் வசதியாக இருக்கும். பலர் நடுவழியில் பையை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதில் வியப்பில்லை.

அமெரிக்கரான எம்மா கேட்வுட் 1955-ஆம் ஆண்டு, தம் 67-ஆம் வயதில், அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள நெடுநடைப் பாதையான அப்பலாச்சியன் டிரெயில் முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். அவர் தோளில் போட்டிருந்தது தாமே தைத்த ஒரு டெனிம் துணிப்பைதான். சட்டமில்லாத பையை ஆதரிப்பவர்கள் அவரை மேற்கோள் காட்டுவது வழக்கம். ஆனால் அவர் கூடாரமோ ஸ்லீப்பிங் பேகோ எடுத்துச் செல்லவில்லை; ஒரு கம்பளி, மழைக்கோட்டு, பிளாஸ்டிக் விரிப்பு என்று மிகக் குறைவாகவே வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எடுத்துக்காட்டு முழுமை பெறும். பையை எளிமையாக்கும் முன்பே சுமையை எளிமையாக்கியவர் அவர். கூடாரம், படுக்கை, மாற்றுடை எல்லாவற்றையும் முடிவுசெய்து, அவற்றைத் தராசில் வைத்துப் பார்த்த பிறகு, கடைசியாக வாங்க வேண்டியது பை. பெரும்பாலோர் பையைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

இனி என் தொழில் சார்ந்த பகுதிக்கு வருகிறேன். கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் ஒரு பின்னலாகச் சேர்ந்து, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் செல்கின்றன. பையின் வார் அழுத்துவது சரியாக அந்த இடத்தின்மேல்தான். அழுத்தம் பல மணி நேரம் நீடித்தால் நரம்பு தற்காலிகமாகச் செயலிழக்கக்கூடும். மருத்துவ ஏடுகளில் முதுகுப்பை வாதம் என்ற பொருள்படும் பெயரில் இது பதிவாகியிருக்கிறது. அதிகச் சுமையோடு நெடுந்தூரம் நடக்கும் படைவீரர்களிடமே பெரும்பாலும் காணப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, பல நேரங்களில் வலியே இருக்காது. தோளை உயர்த்துவதிலும் முழங்கையை மடக்குவதிலும் பலம் குறைந்திருக்கும். கையின் வெளிப்பக்கம் மரத்திருக்கும். வலி இல்லாததால் களைப்பு என்று எண்ணி அடுத்த நாளும் அதே பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். சிலருக்கு விலாப் பக்கமாக இறங்கும் நீண்ட நரம்பு பாதிக்கப்பட்டு, கையை முன்னே நீட்டிச் சுவரைத் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து இறக்கைபோல் வெளியே துருத்தும். பெரும்பாலானவர்கள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள் என்றாலும், எல்லோரும் முழுமையாகத் தேறுவதில்லை.

எல்லா மரத்துப்போதலும் ஆபத்தானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் நடக்கும்போது விரல்கள் சற்று வீங்கி விறைப்பது இயல்பு. கையை உயர்த்தி, விரல்களை மடக்கி நீட்டினால் சரியாகிவிடும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தால், பையைக் குறை சொல்லும் முன் ஊன்றுகோலின் பிடி உள்ளங்கையை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பையைக் கழற்றிய பிறகும் மரப்பு நீங்காமல் இருந்தாலோ, ஒரு கையில் மட்டும் பலம் குறைந்தாலோ, தண்ணீர்ப் பாட்டிலை உயர்த்திக் குடிப்பது கடினமாக இருந்தாலோ, அந்த வாரை மறுபடியும் தோளில் மாட்டாமல் மருத்துவரைப் பார்ப்பதே முறை. கழுத்துத் தண்டுவட வட்டில் (டிஸ்க்) பிரச்சினை உள்ளவர்கள், கழுத்துப் பகுதியில் கூடுதலான விலா எலும்போடு பிறந்தவர்கள், முன்பே கைநரம்பு அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு, எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சட்டமில்லாத பையை நான் பரிந்துரைப்பதில்லை. தோளைக் காப்பாற்றுவதாக எண்ணி மெல்லிய இடுப்புப் பட்டையை மிகவும் இறுக்கினாலும் ஒரு விளைவு உண்டு: இடுப்பின் முன்பக்கம் வழியாகத் தொடைக்குச் செல்லும் தோல் நரம்பு அழுந்தி, தொடையின் வெளிப்புறம் எரியும் அல்லது மரக்கும்.

பை உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை ஆளின் உயரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால், அவற்றை இணைக்கும் கோடு முதுகெலும்பை ஓரிடத்தில் தொடும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரமே உங்கள் முதுகு நீளம். இன்னொருவர் நாடாவால் அளந்தால்தான் சரியாக வரும். உயரமானவருக்குக் குட்டையான முதுகு இருப்பது அரிதன்று. சட்டமுள்ள பைகள் பலவற்றில் வார்களை மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம்; சட்டமில்லாதவற்றில் பெரும்பாலும் அளவு நிலையானது என்பதால், தவறிய அளவைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை. வார் தோளின் மேல் இடைவெளியின்றிச் சுற்றி வர வேண்டும். ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு அகலமாக இருந்தால் அழுத்தம் பரவும். மார்பகத்தைச் சுற்றி வளையும் வடிவம் பல பெண்களுக்கு வசதியாக இருக்கிறது. வாரின் உச்சியிலிருந்து பையை இழுத்துப் பிடிக்கும் சிறு பட்டைகளைச் சில சட்டமில்லாத பைகளிலும் தைத்திருக்கிறார்கள். அவை இழுப்பதற்கு உறுதியான சட்டம் வேண்டும். இல்லாத இடத்தில் அவை பையின் தலையை முன்னே சாய்ப்பதைத் தவிர அதிகம் செய்வதில்லை.

அடுக்கும் முறையே இந்தப் பையின் முதுகெலும்பு. மூடிய துளைகள் கொண்ட ஃபோம் பாயை மடித்து முதுகுப் பக்கம் வைக்கலாம், அல்லது உருளையாகச் சுருட்டிப் பைக்குள் நிறுத்தி, அதன் நடுவே பொருள்களை நிரப்பலாம். உருளை அதிக உறுதி தரும். இடத்தையும் அதிகம் எடுக்கும். ஸ்லீப்பிங் பேகைத் தனி உறையில் உருண்டையாகத் திணிக்காமல், நீர்புகாத உள்ளுறைக்குள் தளர்வாக இட்டு அழுத்தினால் மூலை முடுக்கெல்லாம் நிரம்பி, பை ஒரே திண்டாகிவிடும். உணவுப் பை நடு முதுகுக்கு நேராக, உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். எடை பின்னால் தள்ளிப்போனால் நடப்பவர் முன்னால் குனிவார், கழுத்து மேலும் நீளும். அளவுக்கு மீறித் திணிப்பதும் தவறு; பை பீப்பாய்போல் உருண்டு, முதுகில் ஒரு சிறு கீற்று மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். நாலரைக் கிலோ அடிப்படை எடை உள்ளவருக்கு முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து லிட்டர் கொள்ளளவு போதும். அதைவிடப் பெரிய பை, உணவு தீரத் தீரத் தளர்ந்து தொங்கும். வாய்ப்பகுதியைச் சுருட்டியும் பக்கவாட்டு வார்களை இழுத்தும் ஓரளவுக்குத்தான் அதை ஈடுகட்ட முடியும்.

துணியைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. உடல்நலத்தைப் பொறுத்தவரை அது இரண்டாம் விஷயம். டைனீமா என்ற வலுவான செயற்கை இழை கலந்த துணி லேசானது, தண்ணீரை உறிஞ்சாது, விலை அதிகம். கெட்டி நைலான் சற்றுக் கனமானது, உராய்வைத் தாங்கும். துணி எதுவானாலும் தையல் வழியாக நீர் புகக்கூடும் என்பதால் உள்ளுறை தேவை.

வாங்கிய பையை வீட்டிலேயே சோதிக்கலாம். கணக்கிட்டு வைத்த அந்த அதிகபட்ச நாளின் எடையை, உண்மையான பொருள்களையும் தண்ணீரையும் கொண்டே நிரப்புங்கள். புத்தகங்களையோ அரிசியையோ போட்டால் பை வேறு விதமாக நிற்கும். நிரப்பும் முன்பு, வார் தொடங்கும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டை வரை உள்ள நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, மாட்டிப் பட்டையைப் பூட்டிய பிறகு இன்னொருவரை மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் சுருங்கியிருந்தால், இடுப்புக்குப் போக வேண்டிய எடை தோளிலேயே நின்றுவிட்டது என்று பொருள். பாயை உருளையாக்கி, மீண்டும் அடுக்கிப் பாருங்கள். அதன்பின் படிக்கட்டும் சரிவும் உள்ள வழியில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, கண்ணாடி முன் நின்று இரு தோள்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, கைகளை ஒரே பலத்தோடு உயர்த்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுக்கும் முறையை மாற்றிய பிறகும் பை சுருங்கினாலோ விரல்கள் மரத்தாலோ, கழற்றி மாட்டக்கூடிய ஒற்றை அலுமினியக் கம்பி கொண்ட பைகள் கிடைக்கின்றன. கம்பியால் கூடும் எடை சிறிதுதான். உணவும் தண்ணீரும் குறைவாகத் தேவைப்படும் பகுதிகளில் அதை உருவி, பையைச் சட்டமில்லாததாகவே பயன்படுத்திக்கொள்ளலாம்.