செலக்ட்மன்: ஊர்வாரியத்தார்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், வெர்மான்ட், மெய்ன் போன்ற நியூ இங்கிலாந்து மாநிலங்களின் ஊர் நிருவாகத்தைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோருக்கு 'செலக்ட்மன்' என்ற பதவிப் பெயரை 'நகர்மன்ற உறுப்பினர்' என்று எழுதிவிடத் தோன்றும். அது பிழை. நகர்மன்றம் என்பது சட்டம் இயற்றும் அவை. செலக்ட்மன்களோ ஊர் வாக்காளர்கள் கூடி எடுக்கும் முடிவுகளை நடத்தி வைக்கும் சிறு குழுவினர்.

சொல்லின் முற்பகுதி, 'பிரித்தெடு' என்னும் பொருள்தரும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆகவே செலக்ட்மன் என்பார் பலருள்ளிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவர். எதற்காக அவ்வாறு தெரிந்தெடுத்தார்கள் என்பதற்கு, பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுன் ஊரார் 1635 பிப்ரவரி 10 அன்று எழுதிக்கொண்ட உடன்படிக்கை விடை தருகிறது. ஊரார் அனைவரும் அடிக்கடி கூடுவதால் தொல்லையும் செலவும் மிகுகின்றன என்றும், பலர் கூடிப் பேசுவதால் ஒருமித்த முடிவு எளிதில் எட்டப்படுவதில்லை என்றும் அலுத்துக்கொள்ளும் அவ்வாவணம், ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பைப் பதினொருவரிடம் ஓராண்டுக்கு மட்டும் ஒப்படைத்தது. ஊர் அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் ஊரார் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர்.

அந்த ஏற்பாட்டின் சாயல் இன்றும் மாறவில்லை. வாக்காளர்கள் கூடும் 'டவுன் மீட்டிங்' வரவு செலவுத் திட்டத்தையும் ஊர் விதிகளையும் வாக்கெடுத்து முடிவு செய்கிறது. பெரும்பாலும் மூவரோ ஐவரோ அடங்கிய செலக்ட்மன் குழு அவற்றைச் செயற்படுத்துகிறது. பெரிய ஊர்கள் சிலவற்றில் எல்லா வாக்காளர்களுக்கும் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்கள் கூடுவார்கள். புரூக்லைன் 1915 முதல் அவ்வாறே நடத்திவருகிறது. ஓர் ஊர் 'சிட்டி' ஆகிவிட்டால் டவுன் மீட்டிங்கும் செலக்ட்மன்களும் மறைந்து, மேயரும் கவுன்சிலும் வருவதே பெருவழக்கு. பாஸ்டன் 1822-இல் அவ்வாறு மாறியது. 'கவுன்சிலர்' என்ற சொல்லும் 'நகர்மன்ற உறுப்பினர்' என்ற பெயர்ப்பும் அங்கேதான் பொருந்தும்.

கூட்டத்துக்கு முன் செலக்ட்மன்கள் விடுக்கும் அறிவிப்புக்கு 'வாரண்ட்' என்று பெயர். பிடிவாரண்டை மட்டுமே அறிந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் மாசசூசெட்ஸ் ஊர்களில் இன்றும் அந்த அறிவிப்பு, ஊராருக்குத் தெரிவிக்குமாறு ஊர்க் காவலருக்கு இடும் ஆணையாகவே எழுதப்படுகிறது. அதில் இடம்பெறாத பொருளைப் பற்றிக் கூட்டம் முடிவெடுக்க இயலாது. இதனை 'அழைப்பாணை' எனலாம்.

இனி செலக்ட்மனுக்கு உரிய தமிழ்ச்சொல். 'தேர்வர்' என்றால் தேர்வு எழுதுபவர். 'தெரிவாளர்' என்றால் தெரிவு செய்பவர் என்று பொருள் தலைகீழாகிவிடும். 'தெரிவுக்குழு' நாடாளுமன்றத்திலும் வேலைக்கு ஆளெடுப்பதிலும் வேறு பொருளில் வழங்குகிறது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊரவையின் குழுக்களை ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்றும், அவற்றில் அமர்ந்தோரை வாரியப் பெருமக்கள் என்றும் குறிக்கின்றன. குடவோலையில் பெயர் எடுத்த அம்முறைக்கும் நியூ இங்கிலாந்துக்கும் உறவு எதுவுமில்லை. எனினும் ஊரவைக்காகக் குறிப்பிட்ட காலம் காரியம் பார்க்கும் சிறு குழு என்ற பொருள் 'வாரியம்' என்ற சொல்லில் முன்பே இருக்கிறது. மின்வாரியம் போன்ற பெயர்களால் இன்றும் அது பழகிய சொல்லே. ஆகவே டவுன் மீட்டிங்கை ஊரவை என்றும், குழுவை ஊர்வாரியம் என்றும், அதில் இருப்போரை ஊர்வாரியத்தார் என்றும் வழங்கலாம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. 'மன்' என்ற ஆண்பால் ஈறு பெண்களை விலக்குவதாகக் கருதி, புரூக்லைன் உள்ளிட்ட பல ஊர்கள் குழுவின் பெயரை 'செலக்ட் போர்டு' என்று மாற்றிக்கொண்டன. வெர்மான்ட் சட்டமும் அப்படியே எழுதுகிறது. ஊர்வாரியத்தார் என்பதில் அந்தச் சிக்கல் எழாது. கனெக்டிகட் ஊர்களில் நிருவாகத் தலைமையே ஏற்கும் 'ஃபர்ஸ்ட் செலக்ட்மன்' பதவிக்கு மட்டும் 'வாரிய முதல்வர்' என்று தனியே எழுத வேண்டியிருக்கும்.