அசையாமல் தெரியும் விமானம்

விமானக் கண்காட்சிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி பறக்கிறார்களே, இடைவெளியை ரேடார் வைத்தா அளக்கிறார்கள்?" இல்லை. சிறிய விமானங்களில் அந்த வேலையைச் செய்வது விமானியின் கண்தான்.

முன்னால் போகிறவர் லீடர். அவருக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி வருகிறவர் விங்மேன். வழி, உயரம், எதிரே வரும் மேகம் எல்லாம் லீடர் பொறுப்பு. விங்மேன் லீடர் மேலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. லீடர் விமானத்தில் இரண்டு புள்ளிகளை அவர் பிடித்துவைத்துக்கொள்வார். உதாரணமாக, இறக்கை நுனி விளக்கும் விமானத்தின் மூக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கோணம் சரி. விளக்கு மூக்கைத் தாண்டி முன்னே தெரிந்தால் பின்தங்கிவிட்டார் என்று அர்த்தம்.

சரி, இது பக்கத்தில் வந்த பிறகு. தூரத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்து சேர்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நீங்களும் இன்னொரு விமானமும் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் போகிறீர்கள். உங்கள் விமானி அறையின் கண்ணாடி வழியே பார்க்கும்போது அது முன்னேயோ பின்னேயோ நகர்ந்துகொண்டிருந்தால் மோதாது. ஒரே இடத்தில் அசையாமல் நின்று, உருவம் மட்டும் வளர்ந்தால், இருவரும் ஒரே புள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மாலுமிகளுக்கும் இதே விதிதான். நம் கண்ணோ நகர்வதைச் சட்டென்று பிடிக்கும், நிற்பதைக் கோட்டைவிடும்.

அந்த வளர்ச்சியும் ஏமாற்றும். இறக்கை 8 மீட்டர் அகலமுள்ள விமானம் 1 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய நிலாவின் அகலம்தான் தெரியும். நொடிக்கு 20 மீட்டர் வீதம் நெருங்கினால், அது இரண்டு மடங்காகத் தெரிய 25 நொடி ஆகும். அடுத்த இரட்டிப்புக்கு அதில் பாதி. 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு வர இரண்டரை நொடிதான். நிறைய நேரம் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கும், திடீரென்று நேரமே இருக்காது.

அழகு என்னவென்றால், விங்மேன் வந்து சேர்வதற்குப் பயன்படுத்துவது இதே மோதல் கணக்கைத்தான். லீடர் மெதுவாக வளைந்து திரும்புவார். விங்மேன் அவரைவிடச் சற்றுத் தாழ்வாக, வளைவின் உட்புறமாகக் குறுக்கே வெட்டி வருவார். தன் கண்ணாடியில் லீடர் ஒரே இடத்தில் நிற்கும்படி வேண்டுமென்றே பார்த்துக்கொள்வார். அந்தக் கண்ணாடியில் லீடர், விங்மேன் விமானத்தின் மூக்குப் பக்கம் நகர்ந்தால் பின்னால் போய் விழுவோம் என்று வளைவை இறுக்குவார். வால் பக்கம் நகர்ந்தால் முந்திவிடுவோம் என்று தளர்த்துவார். கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் கொன்று, பக்கத்தில் வந்து நிற்பார்.

வேகம் மிஞ்சிவிட்டால்? எப்படியாவது சேர்ந்துவிடலாம் என்று இழுத்துப் பிடிக்கவே கூடாது. லீடரைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு, அவருக்குக் கீழே வளைவின் வெளிப்புறம் கடந்துபோய், திரும்பவும் சேர வேண்டும். பயத்தில் லீடரை விட்டு விலகும் பக்கம் சாய்த்துத் திருப்பினால் தன் விமானத்தின் வயிறே லீடரை மறைத்துவிடும்.

அனுபவம் இருந்தால் இதெல்லாம் தானாக வரும் என்ற நம்பிக்கை விமானிகளிடம்கூட உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1966 ஜூன் 8 அன்று அமெரிக்காவில், விளம்பரப் புகைப்படத்துக்காக அணிவகுத்துப் பறந்தபோது, எக்ஸ்பி-70 என்ற பெரிய விமானத்தோடு ஓர் எஃப்-104 போர் விமானம் மோதியது. எஃப்-104ஐ ஓட்டிய ஜோ வாக்கர், எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் கொண்டுபோனவர். அவரும் பெரிய விமானத்தின் துணை விமானியும் இறந்தார்கள்.

முன்கூட்டியே பேசிவைக்காமல் அணிவகுத்துப் பறக்கக் கூடாது என்பது சர்வதேச வான்விதி. படம் எடுக்க மட்டும் என்றாலும் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். யார் லீடர், எந்தப் பக்கம் சேர்வது, அப்புறம் முக்கியமாக, லீடர் கண்ணிலிருந்து மறைந்தால் என்ன செய்வது என்பதைத் தரையிலேயே முடிவுசெய்ய வேண்டும். மறைந்தால் தேடிக்கொண்டு கிட்டே போகக் கூடாது. ரேடியோவில் உடனே சொல்லிவிட்டு, பேசிவைத்த திசையில் விலக வேண்டும். லீடர் தன் உயரத்தைச் சொல்வார், இருவரும் வெவ்வேறு உயரத்துக்குப் போவார்கள், மறுபடி கண்ணில் பட்ட பிறகே சேர்வார்கள்.