போஸ்டினி கைமாறிய கதையும் பழைய வடிகட்டி விட்டுப்போகும் ஓட்டைகளும்

மின்னஞ்சல் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று விலைபோனது என்றால் பலருக்கு அது வெறும் வணிகச் செய்தி. மெயில் சர்வர் பராமரிக்கும் எங்களுக்கோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

மின்னஞ்சல் வடிகட்டும் நிறுவனமான போஸ்டினி 1999-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அலுவலகத்தில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. டொமைனின் எம்எக்ஸ் பதிவை (அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) அவர்கள் பக்கம் திருப்பினால் போதும். வரும் அஞ்சல் எல்லாம் அங்கே சலிக்கப்பட்டு, நல்லது மட்டும் உங்களிடம் வரும். ஸ்பேம் தாங்க முடியாமல் இருந்த காலம், கூட்டம் சேர்ந்தது. 2007-இல் கூகுள் 62.5 கோடி டாலருக்கு அதை வாங்கியபோது 35,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதன் வாடிக்கையாளர்கள். இதே துறையில் இருந்த ஐயர்ன்போர்ட்டை அதே ஆண்டு சிஸ்கோவும், மெசேஜ்லேப்ஸை அடுத்த ஆண்டு சைமன்டெக்கும் வாங்கின.

ஜிமெயிலைப் பெரிய நிறுவனங்களிடம் விற்க கூகுளுக்கு வடிகட்டலும், பழைய அஞ்சல்களைச் சேர்த்துவைக்கும் காப்பகமும் தேவைப்பட்டன. என்னைக் கேட்டால் அது நல்ல கணக்குதான். ஆனால் 2012-இல், போஸ்டினி வாடிக்கையாளர்களை கூகுள் ஆப்ஸுக்கு (கூகுளின் அலுவலகச் சேவைத் தொகுப்பு) மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளர்கள் வாங்கியது ஒன்று, கையில் இருப்பது வேறொன்று என்றானது.

இப்படி வடிகட்டி மாறும்போது பலர் எம்எக்ஸை மாற்றியதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். மிச்சம் நிறைய இருக்கும். எஸ்பிஎஃப் பதிவில், அதாவது உங்கள் டொமைன் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் பட்டியலில், பழைய நிறுவனத்தின் வரி அப்படியே கிடக்கும். உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப அவர்களுக்கு இன்னும் அனுமதி உண்டு என்று பொருள். எஸ்பிஎஃப் சரிபார்ப்பில் டிஎன்எஸ் தேடல் (டொமைன் பெயரின் விவரத்தை இணையத்தில் கேட்பது) பத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு, தாண்டினால் சரிபார்ப்பே பிழையாகிவிடும். உங்கள் சர்வரில் 'இந்த ஐபி முகவரியிலிருந்து வந்தால் சோதிக்காதே' என்ற விதியும் நீக்கப்படாமல் இருக்கும். அந்த ஐபி நாளை யார் கைக்குப் போகுமோ!

நான் அதிகம் பார்ப்பது இன்னொன்று. எம்எக்ஸ் வடிகட்டியைக் காட்டும், ஆனால் பின்னால் உள்ள சர்வர் 25-ஆம் போர்ட்டில் (அஞ்சல் வாங்கும் வாசல்) யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். மோசடிக்காரர் எம்எக்ஸைப் பார்ப்பதே இல்லை, நேராக சர்வருக்கே அனுப்பிவிடுவார். வடிகட்டியின் ஐபிக்களைத் தவிர மற்றதை ஃபயர்வாலில் மூடினால் இது தீரும். வடிகட்டி மாறும்போது அந்தப் பட்டியலையும் மாற்ற வேண்டும். அப்புறம், பழைய கணக்கு மூடப்படும் தேதிக்கு முன்பே காப்பகத்தில் உள்ள அஞ்சல்களை இறக்கி, திறந்து பார்த்துவிடுங்கள்.