பொட்டிக்: சொல் விளக்கம்

புதுச்சேரியில் மிஷன் வீதி, முத்தியால்பேட்டை, லாசுப்பேட்டை எனப் பல பகுதிகளிலும், தெற்கே கடலூரிலும், பெண்கள் நடத்தும் சிறிய ஆடைக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் ‘பொட்டிக்’ என்ற சொல் பெருகி வருகிறது. சில பலகைகளில் ‘பூட்டிக்’ என்றும், சிலவற்றில் ‘பொட்டீக்’ என்றும் எழுதியிருப்பார்கள். இச்சொல்லால் மக்கள் சுட்டுவது ஜவுளிக்கடையும் ஆகாது, அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வரும் தையற்கடையும் ஆகாது. துணியைத் தேர்ந்து, கழுத்து வடிவத்தையும் கையின் நீளத்தையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்து, ஒருவருக்கென்றே ஓர் உடையை உருவாக்கித் தரும் இடத்தையே பொட்டிக் என்கிறார்கள். கடைக்காரரின் சொந்த ரசனையே அங்கு விற்பனைக்குரிய முதற்பொருள்.

பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குக் ‘கடை’ என்பதே பொதுப்பொருள். ஆனால் அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘எடுத்து வைத்தல்’ என்னும் பொருள்கொண்ட வினையிலிருந்து ‘அப்போதேக்கே’ என்ற பெயர்ச்சொல் பிறந்து, பொருள்களைச் சேமித்து வைக்கும் பண்டகசாலையைக் குறித்தது. அது லத்தீன் வழியாகப் பரவிய நாடுகளில் வெவ்வேறு தொழில்களைப் பற்றிக்கொண்டது: ஜெர்மானியருக்கு மருந்துக்கடை, ஸ்பானியருக்கு ஒரு வடிவில் மருந்துக்கடை, இன்னொரு வடிவில் திராட்சை மதுக் கிடங்கு. இத்தாலியில் அது ‘பொத்தேகா’ ஆகி, கைவினைஞரின் பட்டறைக்குப் பெயராயிற்று. சிறுவர்கள் ஆசானிடம் சேர்ந்து வண்ணம் அரைப்பதில் தொடங்கித் தொழில் பழகிய இடம் அது. ஃபுளோரன்ஸ் நகரில் ஓவியரும் சிற்பியுமான வெரோக்கியோவின் பொத்தேகாவில்தான் லியனார்டோ டா வின்சி பதின்பருவத்தில் பயிற்சி பெற்றார். சேமிக்கும் இடத்துக்கான சொல் படைக்கும் இடத்துக்கு உரியதாக மாறிய இத்தாலியக் கிளையே, இன்று நம் ஊர்ப் பலகைகளில் உள்ள சொல்லின் உட்பொருளுக்கு மிக நெருங்கியது என்பது என் கருத்து.

நம் கரைக்கு இச்சொல் புதியதன்று என்பதைப் பலர் அறிவதில்லை. 1886இல் வெளிவந்த, யூல், பர்னெல் ஆகியோரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் உள்ளூர்ச் சிறுகடையை ஆங்கிலேயர் ‘பூட்டிக்’ என்று அழைத்ததைப் பதிவு செய்து, அதைப் போர்த்துகீசியரின் ‘புத்திகா’ என்ற சொல்லோடு இணைக்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் பெட்டிக்கடையைக் குறிக்க அச்சொல் பின்னரும் வழங்கியது. பொத்தான், ரேந்தை போன்ற போர்த்துகீசியச் சொற்கள் நம் தையற்காரரின் வாயில் நிலைத்துவிட்டபோது இது மட்டும் நிலைக்காமல் போனதற்குக் காரணம், ‘கடை’ என்ற சொல் நம்மிடம் உறுதியாக இருந்ததுதான் எனலாம். ஆகவே இப்போது பொட்டிக் திரும்பி வந்திருப்பது கடை என்ற பொருளோடு அன்று, நாகரிக உடை என்ற பிற்காலப் பொருளோடுதான்.

அந்தப் பிற்காலப் பொருள் பாரிஸில் உருவானது. செல்வர்க்கு அளவெடுத்துத் தைத்த பெரிய ஆடை நிறுவனங்கள், சிறு அணிபொருள்களையும் ஆயத்த உடைகளையும் விற்கத் தம் கட்டடத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கி அதற்கு இப்பெயரிட்டன. ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர் 1946இல் தொடங்கிய நிறுவனத்திலும் அப்படி ஒரு சிறுகடை இருந்தது. கிரான்வில் என்னும் கடலோர ஊரில் சிறுவனாக இருந்தபோது திருவிழாக்களுக்கு வேட உடைகளைக் கற்பனை செய்து மகிழ்ந்தவர் அவர். அரசுத் தூதராக வேண்டுமென்று பெற்றோர் விரும்பியதால் அரசியல் கல்வி பயின்று, நெடுநாள் சுற்றி வந்தே தம் பழைய விருப்பத்தை அடைந்தார். அவருடைய சிறுகடையின் சுவர்களை மூடியிருந்தது ‘ழூயி’ வகை அச்சுத்துணி. அத்துணியின் கதை நம்மைத் தொடுகிறது. புதுச்சேரி உள்ளிட்ட சோழமண்டலக் கரையிலிருந்து போன, சீட்டி எனப்படும் அச்சுப் பருத்தித் துணிகள் பிரான்சில் பெற்ற வரவேற்பைக் கண்டு, உள்நாட்டு நெசவைக் காக்க 1686இல் அந்நாட்டு அரசு அவற்றுக்குத் தடை விதித்தது. 1759இல் தடை நீங்கியதும், அடுத்த ஆண்டே ழூயி ஊரில் தொடங்கிய ஆலை, இந்தியச் சீட்டியைப் பார்த்துக் கற்ற கலையைக்கொண்டு துணி அச்சிடலாயிற்று.

முத்தியால்பேட்டையில் ஒரு பொட்டிக்கை நடத்தும் பெண்மணியின் வேலையைப் பார்த்தால் இச்சொல்லுக்கு எந்தத் தமிழ் பொருந்தும் என்பது விளங்கும். மரச்சட்டத்தில் துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டி, இடக்கையால் அடியில் நூலைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொக்கியூசியைச் செருகி நூலை வளையமாக மேலிழுக்கிறார். ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம் புகுந்து சங்கிலித் தையல் நகர்கிறது. இதுதான் ஆரி வேலை. பள்ளி நாள்களில் தையற்கடை வாசலில் விழுந்த வெட்டுத்துணிகளைப் பொறுக்கிவந்து மரப்பாச்சிக்குப் பாவாடை தைத்தவர் அவர். கணக்கு எழுதும் வேலையில் சில காலம் இருந்துவிட்டு இதற்கு வந்தவர். “பொம்மைக்குத் தெச்சப்பவே கழுத்து மட்டும் எனக்குச் சரியா வரணும்மா, இல்லேன்னா பிரிச்சுடுவேன்,” என்றார். இன்றும் அவர் மிகுதியாகப் பிரித்துத் தைப்பது கழுத்தைத்தான்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘ஆடையகம்’ என்பது விற்பனையை மட்டும் சொல்கிறது. ‘தையலகம்’ நல்ல சொல்லே, எனினும் வடிவத்தைக் கற்பனை செய்யும் பகுதி அதில் விடுபடுகிறது. ‘நவநாகரிக ஆடையகம்’ வாயில் நிற்காத நீளம். சிலப்பதிகாரம் தையற்காரரைத் ‘துன்னகாரர்’ என்கிறது. அழகிய சொல்தான், ஆனால் இன்று அகராதியின் துணையின்றிப் புரியாது. புனைதல் என்ற வினைக்கு அணிதல், அழகுசெய்தல், உருவாக்குதல் எனப் பல பொருள் உண்டென்றாலும், இக்காலத்தில் அது கதையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

எஞ்சுவது ‘வனைதல்’. பானை வனைதல் என்ற வழக்கால் எல்லாருக்கும் தெரிந்த இவ்வினைக்கு, உருவமைத்தல், அலங்கரித்தல், சித்திரம் எழுதுதல் ஆகிய மூன்று பொருள்களும் உண்டு. பொட்டிக் நடத்துபவர் தாளில் வரைவதும், துணியில் உருவாக்குவதும், உடுத்துபவரை அழகுசெய்வதும் இந்த ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே ‘ஆடை வனையகம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நடத்துபவர் ஆணாயினும் பெண்ணாயினும் ‘ஆடை வனைஞர்’ எனலாம். பொருள் தெளிவாக உள்ள இடத்தில் ‘வனையகம்’ என்று சுருக்கியும் எழுதலாம்.

பிறமொழிச் சொல்லையே வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு எழுத்துமுறை குறித்து ஒன்று. பிரெஞ்சுக்காரர் நாவில் இச்சொல்லின் நடு ஒலி பல்லைத் தொட்டுப் பிறப்பதால், ‘பூத்தீக்’ என்பதே மூலத்துக்கு நெருக்கமானது. புதுச்சேரியில் பிரெஞ்சு பயின்றோர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கில வழி வந்த ஒலிப்புக்குப் ‘பூட்டிக்’ பொருந்தும். பலகைகளில் மிகுதியாகக் காணும் ‘பொட்டிக்’ இரண்டுக்கும் சற்று விலகி நிற்கிறது. எனினும் மக்கள் வழக்கில் ஊன்றிவிட்டதால் அதைப் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை.