பார்ம் டி முடித்தாயிற்று, அப்புறம் ரெசிடென்சியா?

மதுரையில் மருத்துவமனை பார்மசிஸ்ட் என்றால், கீழ்த்தளத்து ஜன்னலுக்குப் பின்னால் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர்தான் பலருக்கும் நினைவு வருகிறார். வார்டுக்குப் போய், "வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டால், "பில்லு கட்டியாச்சே தம்பி" என்கிறார்கள். வார்டில் நோயாளிக்கு எழுதிய மருந்தும் அளவும் சரியா என்று பார்க்க கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்று ஒருவர் இருப்பதே தெரியாதபோது வேறென்ன சொல்வார்கள்?

பார்ம் டி என்கிற மருந்தியல் டாக்டர் பட்டப்படிப்பு இந்தியாவுக்கு வந்தது 2008-இல். மொத்தம் 6 ஆண்டுகள், கடைசி ஆண்டு முழுக்க இன்டர்ன்ஷிப். பொது மருத்துவத்தில் 6 மாதம், வேறு மூன்று துறைகளில் தலா 2 மாதம் என்பது விதி. தாளில் குறை சொல்ல முடியாது. நடப்பில், ரவுண்ட்ஸில் கடைசி ஆளாக நின்று கேஸ் ஷீட்டைப் பார்த்துக் குறிப்பெடுப்பதிலேயே பல பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு ஓடிவிடுகிறது. அவர்களிடம் யாரும் முடிவு கேட்பதில்லை. கேட்காதவரை முடிவெடுக்கவும் வராது.

மேலூர்ப் பக்கமிருந்து 70 வயது அம்மா ஒருவர் ஐசியூவில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை 42 கிலோ, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.5, ரத்தத்தில் கிருமி. மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டால் சிறுநீரகத் திறன் நிமிடத்துக்கு 23 மில்லி வருகிறது. 500 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது புத்தகம். இதுவரை எந்த மாணவரும் சொல்லிவிடுவார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கிரியேட்டினின் நிலையாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. இது பழைய சிறுநீரகக் கோளாறா, நேற்றைய காய்ச்சலிலும் நீர் வற்றியதிலும் ஏறியதா? இரண்டாவது என்றால், குளுக்கோஸ், சலைன் ஏறியதும் கிரியேட்டினின் நாளையே இறங்கலாம். கிருமி வீரியமாக இருக்கும் முதல் நாளில் அவசரப்பட்டு டோஸைக் குறைத்தால் மருந்து பற்றாமல் போகும். பழைய ரிப்போர்ட்டைத் தேட வேண்டும், எவ்வளவு சிறுநீர் போனது என்று ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்க வேண்டும், டியூட்டி டாக்டரிடம் காரணத்தோடு பேச வேண்டும், மறுநாள் காலை திரும்பப் பார்க்க வேண்டும். புத்தகத்தை மூடிய பிறகு தொடங்குகிற இந்த வேலையைக் கற்றுத்தரத்தான் ரெசிடென்சி, அதாவது பட்டம் வாங்கிய பிறகு மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் பயிற்சி.

அமெரிக்காவில் பார்ம் டிக்குப் பிறகு ஓராண்டு பொதுவான ரெசிடென்சி, விரும்பினால் ஐசியூ, புற்றுநோய் போன்ற ஒரு துறையில் இன்னொரு ஆண்டு. லைசென்ஸுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் பெரிய மருத்துவமனைகளில் வார்டு வேலைக்குப் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ரெசிடென்ட் சம்பளம் வாங்குகிறார், ஷிஃப்ட் பார்க்கிறார், அவர் சொல்லும் முடிவுக்குப் பின்னால் ஒரு மூத்த பார்மசிஸ்ட் நிற்கிறார். நம் ஊரில் சில பெரிய தனியார் மருத்துவமனைகள் தாங்களாக நடத்துவதோடு சரி.

அங்கே உள்ளதை அப்படியே இங்கே இறக்கவும் முடியாது. உசிலம்பட்டியிலிருந்து வரும் ஐயா மஞ்சப்பையைக் கவிழ்த்தால் விழுவது, பெயர் இருந்த பக்கம் கத்திரிக்கப்பட்ட ஸ்ட்ரிப் துண்டுகள். மிச்சமிருக்கும் இரண்டெழுத்தையும் மாத்திரை நிறத்தையும் வைத்து, வாங்கிய மெடிக்கல்ஸுக்கு போன் போட்டு, ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபினே இரண்டு பிராண்டில் இரண்டு டாக்டர் எழுதி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பயிற்சி மதுரை வார்டில்தான் கிடைக்கும்.

ரெசிடென்சி என்று பெயர் போட்டு ஆள் எடுக்கும் இடங்களுக்குப் போகும் தம்பி தங்கைகள் இன்டர்வியூவிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள். நான் எழுதும் குறிப்புக்குக் கேஸ் ஷீட்டில் இடம் உண்டா? என் குறிப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் மூத்த பார்மசிஸ்ட் யார்? ஆள் குறைந்தால் என்னைக் கீழே பில்லிங் கவுன்டரில் உட்கார வைப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு "அப்பப்ப இருக்கும்பா" என்று பதில் வந்தால், மாதத்தில் எத்தனை நாள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.